வயதான ஆண்களும் முன்கூட்டிய பரிசோதனைகளும்: மனம் படும் பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டிய ஆணைத் தேடி, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே சில பரிசோதனைகள் வந்துவிடுகின்றன. புரோஸ்டேட்டுக்கு (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, வயிற்றுப் பெருநாடிக்கு (வயிற்றின் வழியாக இறங்கும் பெரிய ரத்தக் குழாய்) ஸ்கேன், பெருங்குடலுக்கு மலப் பரிசோதனை, நிறையப் புகைபிடித்தவர் என்றால் நுரையீரலுக்கு சிடி, அப்புறம் இருக்கவே இருக்கிறது பிரஷரும் சுகரும். இவற்றால் உடம்புக்கு என்ன லாபம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மனதுக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்தப் பக்கம். பரிசோதனைக்குப் போகிற ஆண்களும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம்.

தொந்தரவே இல்லாத ஒருவருக்கு டெஸ்ட் எடுப்பதால் மனதுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. இரண்டு மூன்று நாள் உறுத்தலாக இருக்கும், நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் மறந்துவிடுவார்கள். சந்தேகமான முடிவு வந்தவர்களுக்குக்கூட, கவலை சட்டென்று ஏறி, சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய அளவுக்கு இறங்கிவிடுவதுதான் வழக்கம்.

சிலருக்கு அது இறங்குவதில்லை. வலியோடு டாக்டரிடம் போகிறவர், ஏதோ கோளாறு இருக்கிறது என்று தெரிந்தேதான் போகிறார். முன்கூட்டிய பரிசோதனைக்குப் போகிறவரோ நல்ல உடம்போடு உள்ளே போகிறார். வெளியே வரும்போது 'உங்களுக்கு ஒன்று இருக்கலாம்' என்ற வாக்கியத்தோடு வருகிறார். உடம்பில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தன்னை நோயாளியாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 'உங்களுக்கு பிரஷர் இருக்கிறது' என்று முதல்முறையாகச் சொல்லப்பட்டவர்கள், அதற்குப் பிறகு உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது கூடிவிட்டது. மாத்திரை ஆரம்பித்தவர்கள், ஆரம்பிக்காதவர்கள் இரு தரப்பிலும் இப்படித்தான். 1978இல் வெளியான ஆய்வு இது. மாத்திரையே சாப்பிடாதவருக்கு மாத்திரையின் பக்கவிளைவு வந்திருக்க முடியாது. காதில் விழுந்த செய்திதான் வேலை செய்திருக்கிறது.

அதற்காக டெஸ்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முடிவு எப்படி வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள் என்கிறோம். ஊசிக்குக் கையை நீட்டிய பிறகு அதை யோசிக்க ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். முன்கூட்டிய பரிசோதனைகள் எப்படி நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இரு வல்லுநர்கள் 1968இல் வகுத்த பத்து விதிகளிலும் இது இருக்கிறது: யாருக்குச் சிகிச்சை தரப்போகிறோம் என்று முன்பே ஒரு முடிவு இருக்க வேண்டும். அரசுகளுக்குச் சொன்ன விதி அது. தனி மனிதருக்கும் அப்படியே பொருந்துகிறது.

எந்தக் கட்டத்தில் பதற்றம் அதிகம்?

காத்திருக்கும்போது. ரத்தம் கொடுத்ததற்கும் ரிப்போர்ட் வருவதற்கும் நடுவில், ரிப்போர்ட்டுக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் நடுவில், பயாப்ஸிக்கும் (ஊசியால் சிறு சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பது) அதன் முடிவுக்கும் நடுவில். கெட்ட செய்தி கிடைத்தவரைவிட, இன்னும் செய்தியே கிடைக்காதவர்தான் ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருப்பார்.

இப்போது ரிப்போர்ட் நேராக செல்போனுக்கே வந்துவிடுகிறது. ராத்திரி பத்தரை மணி. எழுபது வயதுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறக்கிறார். பிஎஸ்ஏ என்ற வரியில் 5.2 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அதற்கடுத்து 'இயல்பளவு: 0 முதல் 4 வரை'. அவ்வளவுதான் அந்தக் காகிதத்தில் இருப்பது. அவருடைய வயதுக்கு அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், போன மாதம் வந்த சிறுநீர்த் தொற்றால் கூடியிருக்குமா, எதுவும் அதில் இல்லை. அந்த நேரத்தில் கேட்க டாக்டரும் கிடையாது. விடியும்வரை இணையத்தில் தேடுவார். தேடினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே டெஸ்ட் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைத் தீர்மானித்துவிடுங்கள். ரிசல்ட் எந்த நாள் வரும், அதை டாக்டர் என்றைக்கு விளக்குவார் என்று கேட்டு வாங்குங்கள். டாக்டரைப் பார்க்கும் நாள்வரை அந்த ஃபைலைத் திறப்பதில்லை, அல்லது பகலில் இன்னொருவரை வைத்துக்கொண்டுதான் திறப்பது என்று வீட்டில் பேசிவையுங்கள். சின்ன ஏற்பாடுதான், ஆனால் நிறைய ராத்திரிகளைக் காப்பாற்றும்.

பிஎஸ்ஏ கூடியிருந்தால் புற்றுநோய்தானா?

இல்லை. பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். வயதானால் சுரப்பி பெரிதாகும், பிஎஸ்ஏவும் கூடும். சிறுநீர்த் தொற்று, புரோஸ்டேட் அழற்சி, சிறுநீர்க் குழாய் போட்டது, டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாட்களில் விந்து வெளியேறியது, நீண்ட நேர சைக்கிள் ஓட்டம், எல்லாமே எண்ணை ஏற்றிவிடக் கூடியவை. எண் கூடியதால் பயாப்ஸிவரை போனவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது என்பது பொதுவான கணக்கு. திரும்ப எடுத்தால் தானாகவே இறங்கியிருப்பதும் சகஜம். அதனால்தான் சில வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், இப்போதெல்லாம் நேராகப் பயாப்ஸிக்குப் போகாமல் முதலில் எம்ஆர்ஐ பார்க்கிறார்கள்.

லாபமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 1990களில் தொடங்கிய பெரிய ஆய்வில் 55 முதல் 69 வயதுவரையான 1,62,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். 23 ஆண்டு முடிவு 2025இல் வந்தது. பிஎஸ்ஏ பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் புரோஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. வேறு மாதிரி சொன்னால், 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அந்த ஒரு மரணத்தைத் தவிர்க்கக் கூடுதலாக 12 பேருக்குப் புற்றுநோய் என்று கண்டறியப்படுகிறது. அந்த 12 பேரில் பலருக்கு அது வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராமலே போயிருக்கும். ஆனால் பெயர் தெரிந்துவிட்டதே, இனி அதோடுதான் வாழ வேண்டும். ஒருவருக்கு உயிர் மிஞ்சுகிறது, அதற்கு இன்னும் பலர் மன நிம்மதியை விலையாகக் கொடுக்கிறார்கள். இதில் எது பெரிது என்பதை ஒவ்வொருவரும் தனக்காகத்தான் முடிவு செய்ய முடியும். அந்த முடிவை அவர் எடுக்கும் முன்னாலேயே, மொத்தமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் பிஎஸ்ஏவைச் சேர்த்து எடுத்துவிடுவது தவறு. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தும் அவர் நிம்மதியாக இல்லையே, ஏன்?

'ஒன்றுமில்லை' என்பதை அவர் 'இன்னும் கண்டுபிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார். அதில் நியாயமும் இருக்கிறது. பயாப்ஸி சுரப்பியின் சில இடங்களிலிருந்துதான் துண்டு எடுக்கிறது, பிஎஸ்ஏ எண்ணும் உயரத்திலேயே நிற்கிறது. ஆக, அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

இவரிடம் போய் 'அதான் ஒன்றுமில்லை என்றுவிட்டார்களே' என்று சொன்னால், பேசுவதையே நிறுத்திவிடுவார். அடுத்த டெஸ்ட் எப்போது, எந்த எண்ணுக்கு மேல் போனால் மறுபடி யோசிக்க வேண்டும், அதுவரை என்ன செய்ய வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். தேதி குறித்துவிட்டால் கவலைக்கு ஓர் எல்லை கிடைக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியதை ஆறு மாதம் கழித்துக் கவலைப்படலாம்.

'அபாயம் குறைந்த புற்றுநோய்தான், இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், கண்காணிப்போம்' என்கிறார்கள். புற்றுநோயை உள்ளே வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான். நாம் வளர்ந்த காலத்தில் புற்றுநோய் என்றால் வெட்டி எறிய வேண்டியது. திடீரென்று ஒருவர் வந்து 'இருக்கட்டும்' என்றால், கைவிட்டுவிட்டார்களோ என்றுதான் தோன்றும். எழுபது வயதானதால் நமக்குச் செலவு செய்ய மனமில்லையோ என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

உண்மை நிலவரம் வேறு. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகளில், எண்பதை ஒட்டிய வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புரோஸ்டேட்டில் புற்றணுக்கள் இருந்தன. அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வில், பிஎஸ்ஏ மூலம் கண்டறியப்பட்ட 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. பதினைந்து ஆண்டு கழித்து, 2023இல் வந்த முடிவு: எந்தப் பிரிவில் இருந்தாலும் நூற்றுக்கு 97 பேர் புரோஸ்டேட் புற்றுநோயால் சாகவில்லை. அறுவைப் பிரிவில் ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் 17 சதவீதம். விறைப்புத் தன்மை பாதிப்பும் அந்தப் பிரிவில்தான் அதிகம்.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகும், நோய் கொஞ்சமும் வளராதபோதே, 'இந்தப் பயத்தோடு இருக்க முடியவில்லை, எடுத்துவிடுங்கள்' என்று அறுவைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களைக் கோழை என்று யாரும் சொல்லக் கூடாது. பயமும் ஒரு வேதனைதான். ஆனால் பயத்துக்கு வைத்தியம் பார்க்க அறுவை அறைக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பயத்துக்கே நேரடியாக வைத்தியம் பார்க்க முடியுமா என்று முயன்று பார்க்க வேண்டும். ஒரு மனநல ஆலோசகரிடம் நாலைந்து முறை பேசுவது, இதே நிலையில் ஐந்தாறு வருடமாக இருக்கும் இன்னொருவரைச் சந்திப்பது, பிஎஸ்ஏ எடுக்கும் இடைவெளியை டாக்டர் அனுமதித்தால் கொஞ்சம் நீட்டுவது. கடைசியாகச் சொன்னது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறவர், ஒவ்வொரு முறையும் முன்னால் இரண்டு வாரம் தூக்கம் கெட்டால், வருடத்தில் எட்டு வாரம் போய்விடுகிறது.

வயிற்றுப் பெருநாடியில் சின்ன வீக்கம் என்றார்கள். அதிலிருந்து அப்பா குனிவதற்கே பயப்படுகிறார்.

இதை அடிக்கடி கேள்விப்படுகிறோம். 3.4 சென்டிமீட்டர் என்று ஸ்கேனில் வந்திருக்கும். மறுநாளிலிருந்து பேரனைத் தூக்க மாட்டார், செருப்பு வாரைப் போடக் குனிய மாட்டார், தும்மலை அடக்குவார். 'எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்' என்று யாரோ சொன்ன வார்த்தை உள்ளே உட்கார்ந்துவிட்டது. கணவன் மனைவிக்கிடையிலான நெருக்கத்தையும் அதோடு விட்டுவிட்டவர்கள் உண்டு.

பெருநாடி 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் என்பார்கள். இங்கிலாந்தில் எல்லா ஆண்களையும் 65 வயதில் ஒருமுறை இந்த ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். அங்கே 3 முதல் 4.4 வரை வருடத்துக்கு ஒரு ஸ்கேன், 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒன்று, 5.5ஐத் தொட்டால்தான் அறுவை நிபுணரிடம் அனுப்புகிறார்கள். அந்த எல்லையை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. 5.5க்குக் கீழே முன்கூட்டியே அறுவை செய்தால் ஆயுள் கூடுகிறதா என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகப் பார்த்தார்கள், கூடவில்லை. வெடித்தால் ஆபத்து மிகப் பெரியது என்பது உண்மைதான். சிறியதாக இருக்கும்போது வெடிப்பது அபூர்வம் என்பதும் அதே அளவு உண்மை.

67,800 ஆண்களை வைத்து நடந்து 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இவர்களின் மனநிலையையும் அளந்தார்கள். வீக்கம் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் சிறிதாகவே இருந்தது. சராசரி அப்படி. உங்கள் அப்பா அந்தச் சராசரியில் இல்லையென்றால், அவரை அடுத்த ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது இதையே கேள்வியாகக் கேளுங்கள்: 'என்னென்ன செய்யலாம்? பேரனைத் தூக்கலாமா? நடக்கலாமா?' சின்ன வீக்கத்துக்குப் பொதுவாக நடையையோ அன்றாட வேலைகளையோ தாம்பத்தியத்தையோ டாக்டர்கள் தடுப்பதில்லை. மிகக் கனமான பொருட்களைத் தூக்குவது பற்றி மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புகைபிடிப்பதை நிறுத்துவதும் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் அவர் கையில் இருக்கின்றன. செய்வதற்கு ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

எல்லாப் பரிசோதனையும் இப்படி மனதைப் படுத்துமா?

படுத்தாது. கண்டுபிடித்ததை அப்போதே முடித்துவிட முடிந்தால் மனம் சீக்கிரம் ஆறிவிடுகிறது. மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்கிறார்கள், பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருந்தால் அதே கையோடு எடுத்துவிடுகிறார்கள், விஷயம் முடிந்தது. 'இருக்கிறது, ஆனால் பார்த்துக்கொண்டே இருப்போம்' என்று நீளும் பரிசோதனைகள்தான் ஆளைக் கரைக்கின்றன. நுரையீரல் சிடியில் தெரியும் சின்னப் புள்ளிகளும் அந்த வகைதான். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று வருடம் சிடி எடுத்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒருமுறையாவது சந்தேக முடிவு வந்தது. அப்படி வந்த முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோய் இல்லை. அதே ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது என்பதால், நிறையப் புகைபிடித்தவருக்கு இந்தக் கவலை பட்டுத் தாங்க வேண்டிய கவலை என்றே சொல்வேன்.

நார்மல் என்று வந்தால் மனதுக்கு நல்லதுதானே?

நல்லதுதான், ஒரு எச்சரிக்கையோடு. 'டெஸ்டில் ஒன்றுமில்லை, இனி கவலையில்லாமல் சிகரெட் பிடிக்கலாம்' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர், பிறகு உடம்பில் ஏதாவது தெரிந்தாலும் 'போன வருடம்தானே பார்த்தோம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். நார்மல் என்ற முடிவு, பார்த்த நோய்க்கும் பார்த்த நாளுக்கும் மட்டும்தான் பொருந்தும்.

அப்பா டெஸ்டுக்கே வர மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

முதலில், ஏன் என்று கேளுங்கள். கூச்சமாக இருக்கலாம், ஆசனவாய் வழியாக விரலால் பார்ப்பார்கள் என்பதே பல ஆண்களுக்குப் பெரிய தடை. தன் அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்ததைப் பார்த்த பயமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற எண்ணமாக இருக்கலாம். யோசித்துத்தான் வேண்டாம் என்றாரா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் அதை மதிக்க வேண்டும்.

ஏமாற்றி மட்டும் அழைத்துப் போகாதீர்கள். 'சும்மா சுகர் பார்க்கத்தான்' என்று கூட்டிப்போய்ப் பிஎஸ்ஏவும் எடுத்து, முடிவு மோசமாக வந்தால், நோயின் அதிர்ச்சியோடு சொந்தப் பிள்ளைகள் மறைத்தார்கள் என்ற வேதனையும் சேர்ந்துகொள்ளும்.

அவர் அமைதியாகத்தான் இருக்கிறார். தூக்கம் போனது எனக்குத்தான். இது சகஜமா?

ஆமாம் அம்மா, ரொம்பச் சகஜம். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களைவிட அவர்களுடைய மனைவிமார் அதிக வேதனைப்படுவதாக ஆய்வுகளே சொல்கின்றன. அவர் உங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று பேசாமல் இருக்கிறார், நீங்கள் அவரைக் கவலைப்படுத்தக் கூடாது என்று பேசாமல் இருக்கிறீர்கள். டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் உள்ளே போங்கள், உங்கள் கேள்விகளையும் கேளுங்கள். திரும்பி வரும் வழியில் பேச்சு தானாகவே ஆரம்பித்துவிடும்.

எது சாதாரணக் கவலை, எப்போது உதவி தேட வேண்டும்?

ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிந்து விழுவார், குடிப்பது கூடும், நண்பர்களைப் பார்க்கப் போவதை நிறுத்துவார், சாப்பாட்டில் நாட்டம் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டாம். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இந்த வயதிலும் பலன் தரும்.

இன்னொன்றை நேராகவே சொல்ல வேண்டும். புற்றுநோய் என்று சொல்லப்பட்ட முதல் சில வாரங்களில் தற்கொலை அபாயமும் மாரடைப்பு அபாயமும் கூடுவதை ஸ்வீடனில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண்ணிக்கையில் இது குறைவுதான், ஆனால் அந்த நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். 'இனி எதற்கு இருக்க வேண்டும்' என்ற மாதிரிப் பேச்சு வந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

டெஸ்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

இந்த டெஸ்டில் கூடுதலாக வந்தால் அடுத்த படி என்ன, அதற்கடுத்த படி என்ன? பொய்யாகக் கூடுதல் காட்டுவது எவ்வளவு சகஜம்? கண்டுபிடித்தால் இந்த வயதில் எனக்குச் சிகிச்சை தருவீர்களா? எடுக்காமலே விட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அந்த டெஸ்ட் எதற்கு என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

'உங்கள் வயதுக்கு இனி இந்த டெஸ்ட் தேவையில்லை' என்கிறார்கள். ஒதுக்கிவிட்ட மாதிரி இருக்கிறதே?

அப்படித் தோன்றுவது இயல்பு. டெஸ்ட் எடுத்தால் கவலை, நிறுத்தினாலும் கவலை. இத்தனை வருடம் 'கட்டாயம் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு, ஒருநாள் 'போதும்' என்றால் யாருக்கும் வலிக்கும். காரணம் விளக்கப்படாததால்தான் அந்த வலி. மெதுவாக வளரும் புற்றுநோயை இன்று கண்டுபிடித்ததன் பலன் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். சிகிச்சையின் உபாதையும் மனக் கவலையும் இன்றே தொடங்கிவிடும். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல், 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வழக்கமான பிஎஸ்ஏ பரிசோதனை வேண்டாம் என்று சொன்னதும் இந்தக் கணக்கால்தான். 55 முதல் 69 வரை அவரவர் டாக்டரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்றார்கள்.

நின்றுபோவது தொந்தரவில்லாதபோது எடுக்கும் பரிசோதனை மட்டும்தான். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத முதுகு வலி என்று ஏதாவது தெரிந்தால், வயது எண்பதானாலும் தொண்ணூறானாலும் அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். தேவையான டெஸ்டை அப்போது எடுப்பார்கள்.